துஆவின் நடுவே

சார்வாக் ஏரிக்கரை,
ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை

ஜவ்லோனின் அப்பாவுக்கு ஸலாம்.

கொரியாவில் வெயில் எப்படி, உங்கள் கால் வீக்கம் வற்றியதா? இங்கே எல்லோரும் நலம். ஜவ்லோனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கிழவன் மாதிரி இருக்கிறான். ஆப்பிள் இந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பொரிந்து தள்ளிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது, பாருங்கள். பக்கத்து வீட்டு ஒய்பேக்கின் தம்பி ஞாயிறு அங்கே திரும்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நம் வீட்டை விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்து வந்த தாஷ்கந்துக்காரர்கள் உங்களுக்கு அனுப்பிய புகாரை நானும் படித்தேன். சாப்பாட்டுக்குப் பின் பெரியவர் கையேந்தித் துஆ ஓதும்போது வீட்டம்மா நடுவில் கத்திச் சபையைக் கெடுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். உண்மைதான், கத்தினேன். ஏன் கத்தினேன் என்பதைத்தான் அவர்கள் எழுதவில்லை.

வந்த அன்றே நீச்சல் குளத்தருகே நிற்கவைத்து எல்லாம் சொன்னேன். வேலிக் கதவைத் திறந்து போடாதீர்கள், பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள், வேலியோரம் ஏறி நிற்கிற மாதிரி எதையும் வைக்காதீர்கள் என்றேன். ஆண்கள் நெஞ்சில் கைவைத்து, "ஆகட்டும் தங்கச்சி, நீங்க சொன்னா சரிதான்" என்றார்கள். நம் ஆட்களை உங்களுக்குத் தெரியாதா? முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வராது. அந்த 'ஆகட்டும்' மரியாதைக்கு, செய்வதற்கு அல்ல. நான் சமையலறைக்குப் போய்த் திரும்புவதற்குள், எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் அந்தப் பெரிய தப்சான் கட்டிலைத் தூக்கிப்போய் வேலியோடு ஒட்டிப் போட்டுவிட்டார்கள். தண்ணீர்க் காற்று வருமாம். குளிரட்டும் என்று இரண்டு தர்பூசணிகளையும் குளத்தில் மிதக்கவிட்டிருந்தார்கள்.

கட்டிலைத் தள்ளிப் போடச் சொன்னேன். அவர்களில் மூத்தவரான துரோப் என்ற பெரியவர் சிரித்தார். "இத்தனை பேருக்கும் கண்ணு இல்லியா தங்கச்சி? வந்து ஒரு வாய் சாப்பிடுங்க" என்றார். விருந்தாளியிடம் அதற்கு மேல் எப்படி மல்லுக்கு நிற்பது?

பலாவ் சோறு சாப்பிட்டு முடிந்ததும் பெரியவர் கையேந்தினார். எல்லோரும் கையேந்தித் தலை குனிந்தார்கள். நானும் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையேந்தினேன். இந்த வீட்டுக்கு, தூர தேசத்தில் உழைக்கும் இந்த வீட்டுக்காரருக்கு என்று உங்களுக்காகத்தான் ஓதிக்கொண்டிருந்தார். அப்போது எல்லோர் முதுகுக்கும் பின்னால் ஓய்தீன் என்ற நாலு வயதுக் குழந்தை, கட்டில் சட்டத்தில் கால்வைத்து ஏறி வேலியைத் தாண்டியிருக்கிறாள். தர்பூசணிக்காக. சத்தமே இல்லை. நான் ஏன் தலையை நிமிர்த்தினேன் என்று எனக்கே தெரியாது. தர்பூசணிகளுக்கு நடுவே அவள் மஞ்சள் கவுன் மட்டும் தெரிந்தது.

ஆமீன் வரை காத்திருக்கவில்லை. கத்திக்கொண்டே ஓடிச் செருப்போடு குதித்தேன். பிள்ளையை மேலே தள்ளினேன், யாரோ வாங்கினார்கள். தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதாள். நல்லபடியாக இருக்கிறாள்.

அன்றைக்கே மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கம்தான். அந்த வெட்கத்தை மூடத்தான் இந்தப் புகார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் அம்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பாவம், அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அதனால் நீங்கள் பதில் எதுவும் எழுத வேண்டாம். அவள் படிக்க நேரும். கெட்ட பெயர் எனக்கே இருந்துவிட்டுப் போகட்டும்.

நேற்று வந்தவர்களிடம் விதிகளைப் பற்றி மூச்சு விடவில்லை. உங்கள் கல்யாணத் தொப்பியை எடுத்து அவர்களில் ஒருவர் தலையில் வைத்தேன். "இது எங்க வீட்டுக்காரர் தொப்பி. இதப் போட்டிருக்கிறவர் உக்காரக் கூடாது, துஆவுக்குக் கையேந்தவும் கூடாது. கண்ணு தண்ணியிலதான். அலுத்துப்போனா இன்னொருத்தர் தலையில வச்சிட்டு நகருங்க" என்றேன். "அப்போ என் பலாவ்?" என்று அலறினார் அந்தக் குண்டு மனிதர். நின்றுகொண்டுதான் சாப்பிட்டார். "ஏய் தொப்பிக்காரா, கண்ணு கறியில இருக்கு, தண்ணியப் பாரு!" என்று நாள் முழுக்கக் கிண்டலும் கூத்தும்தான். ஆனால் ஒரு நிமிஷம்கூடத் தொப்பி சும்மா கிடக்கவில்லை. விதி என்றால் காற்றில் விட்டுவிடுவார்கள். வீட்டுக்காரர் தொப்பியைக் கீழே போட ஒருவருக்கும் மனம் வரவில்லை. தப்சான் கட்டிலையும் தூரத்தில் போட்டு, கால்களை சிமென்ட் வைத்துப் பூசிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான்.

இதற்கும் திட்டுவதென்றால் திட்டுங்கள். ஆனால் அடுத்த முறை கூப்பிடும்போது விருந்தாளிகளைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் என்னைக் கேளுங்கள். அன்று எல்லோரும் பிள்ளையைச் சுற்றி நின்றார்கள், அதுதான் நியாயம். குளத்து ஏணிக் கம்பியைப் பிடித்துத் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்த என்னைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தார்கள். பிள்ளை விழுந்தது ஆழமான பக்கம். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அங்கே யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியுமே.

அல்லாஹ் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்
ஜுல்ஹுமோர்