இரும்பும் களிமண்ணும்

மார்ச் 5, 2025. திருநீற்றுப் புதன்

வெள்ளிதோறும் சிலுவைப்பாதை முடிந்ததும் உபதேசியாரான என்னைப் பத்து நிமிடம் வேதம் பேசச் சொன்னார் பங்குச்சாமியார். தலைப்பு என் விருப்பம். ‘விவிலியத்தில் இரும்பு’ என்றேன். “அடடா, உபதேசியாரே!” என்று மெச்சினார். காரணம் அவருக்கு வேண்டாம். இந்த நோட்டுக்குச் சொல்லலாம். பாம்பனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ரெக்ஸைத்தான் கட்டுவேன் என்கிறாள் என் மகள் பிரெசில்லா. வீட்டில் பேசினால் எதிர்த்துப் பேசுகிறாள். கோயிலில் யார் எதிர்த்துப் பேசுவது?

“கடற்கரையில பொறந்தும் கடலுக்குப் போகாத பயல்” என்று ஜோதிமேரியிடம் சொன்னேன்.

“நீங்க என்னைக்குக் கடலுக்குப் போனீக?” என்றாள். முப்பது வருடமாகப் பெண்டாட்டி. இப்போதுதான் கேட்கத் தோன்றியதாம்.

மார்ச் 7

எகிப்து ஓர் இரும்புச் சூளை. எதிரி கழுத்தில் மாட்டுவது இரும்பு நுகம். பலிபீடக் கல்லில் இரும்புக் கருவி படவே கூடாது. ஆண்டவருக்கே இரும்பு ஆகவில்லை என்று முடித்தேன். ரெக்ஸ் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தான். திமிர்.

மார்ச் 14

பாசான் அரசன் ஓகின் இரும்புக் கட்டில், ஒன்பது முழம். அவ்வளவு பெரிய கட்டில் இருந்தும் தோற்றான் என்றேன். வெளியே வந்ததும் ரெக்ஸ் பிடித்துக்கொண்டான்.

“பதிமூணரை அடி வருது உபதேசியாரே. வெல்டிங் இல்லாத காலத்துல எப்படி இணைச்சிருப்பாக?”

வேலை இருக்கிறது என்று நடையைக் கட்டினேன். சாப்பிடும்போதும் அதே யோசனை. எப்படித்தான் இணைத்திருப்பார்கள்?

மார்ச் 21

இன்றுதான் பிரம்மாஸ்திரம். தானியேல் நூல், சிலையின் பாதங்கள், பாதி இரும்பு, பாதி களிமண். திருமணத்தால் கலந்தாலும் இரண்டும் ஒட்டாது என்று வேதமே சொல்கிறது! நிறுத்தி, இரண்டு முறை வாசித்தேன். பிரெசில்லா எழுந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நிற்கிறாள்.

“ஏப்பா, ரெக்ஸ் இரும்பு. சரி. அப்ப நான் களிமண்ணா?”

இதை நான் யோசிக்கவே இல்லை. சத்தியமாக யோசிக்கவில்லை.

மார்ச் 22

பிரெசில்லா பேசவில்லை. சோற்றைத் தட்டில் வைத்துவிட்டுப் போகிறாள்.

மார்ச் 25

இன்றும். ஊரே கேட்க, பெற்ற பிள்ளையைக் களிமண் என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் மைக்கில். இவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே. என்ன மனுசன்யா நான்?

மார்ச் 28

சிறையில் இருந்த பேதுருவுக்கு இரும்புக் கதவு தானாகத் திறந்தது பற்றிப் பேசினேன். இதுவரை வேண்டுமென்றே விட்டுவைத்த பகுதி. “அந்தக் கதவையும் யாரோ ஒரு பட்டறைக்காரன்தான் செஞ்சிருப்பான்” என்று, எழுதி வைக்காத ஒரு வரி வாயில் வந்துவிட்டது. பங்குச்சாமியார் கைதட்டினார். பிரெசில்லா சிரிக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.

ஏப்ரல் 5

“நீ களிமண்ணு இல்ல தாயி. மண்டையில களிமண்ணு இருந்தது எனக்குத்தான்” என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த நொடியே, “அப்ப ரெக்ஸ் வீட்ல வரச் சொல்லவா?”

தவக்காலத்தில் பெண் கேட்டு வரக்கூடாது என்றேன். அப்படி எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை.

ஏப்ரல் 21

ஈஸ்டர் முடிந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, ரெக்ஸ் வீட்டார் வந்துவிட்டார்கள். தட்டு மாற்றியாயிற்று.

ஏப்ரல் 27, ஞாயிறு

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பது உபதேசியார் வேலை. இருபத்திரண்டு வருடமாக வாசிக்கிறேன். இன்று என் மகளுக்கு முதல் ஓலை. “இவர்கள் திருமணத்திற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்.” வழக்கமாக இந்த வரியை வாசித்துவிட்டு நான் கூட்டத்தைப் பார்ப்பேன். இன்று கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டு, புதன்கிழமை அன்பிய ஜெபக் கூட்டம் பற்றிய அறிவிப்பை வாசித்தேன்.