முழந்தாளுக்குக் கீழே வைக்காத புத்தகம்

போர்கோ வெக்கியோ, பலெர்மோ
14.09.2006

அன்பு மகன் பேனாட்டுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் நாங்கள் சுகம். நீயும் எமிலியும் சுகமாக இருப்பது கல்யாணப் படங்களில் தெரிகிறது, அதனால் விசாரிக்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, லிபெர்த்தா வீதியில் வேலை செய்கிற சிஞ்ஞோரா வீட்டு நாலு மாடியும் ஏறி இறங்குகிறார், சொன்னால் கேட்பதில்லை. நாங்கள் இங்கே இருக்கிறதுக்கான அனுமதி, பெர்மெஸ்ஸோ, வந்துவிட்டது. உன் கல்யாணம் முடிந்த பதினோராம் நாள் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அப்பா பஸ்ஸில் வரும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அது இல்லாமல் எங்களுக்கு இங்கிலாந்து விசா கிடையாது, அதனால்தான் கல்யாணத்துக்கு வரவில்லை என்று எமிலியின் தாய்க்கு நீ சொன்னாயோ தெரியாது.

நேற்று பார்சல் திரும்பி வந்தது, நான் தைத்து அனுப்பிய இரண்டு மெத்தைகள். கல்யாணத்தில் முழந்தாளிட மெத்தை, அதில் இங்கத்தைப் பிஷப்பின் ஆதீனத்து இலச்சினையைத் தைத்துத் தா என்று நீதான் கேட்டாய். படமும் அனுப்பி ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் எழுதியிருந்தாய். நீலக் கேடயம் கடலாம், வெள்ளி அலை இரண்டும் அந்த ஊர் ஆறுகளாம், நடுவில் சிலுவை, சிலுவையின் மேல் விரித்த வேதப்புத்தகம், உச்சியில் பிஷப்பின் தொப்பி. நீலத்தையும் அலைகளையும் தைத்தேன், தொப்பியைக்கூட யோசித்து யோசித்துத்தான் தைத்தேன். சிலுவையையும் புத்தகத்தையும் தைக்க என் கை வரவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றச் சொல்லி வளர்த்த பிள்ளை நீ. முழந்தாள் அமர்த்துகிற இடத்தில், பிறகு சப்பாத்தால் தள்ளிவிடுகிற சாமானில், வேதத்தை எப்படித் தைப்பேன். பார்சல் கிடைத்ததும் நீ ஃபோன் எடுத்து, அம்மா வெறும் கேடயமாக் கிடக்குது, இஞ்சை ஆக்கள் சிரிக்கினம் என்றாய். மிச்சத்தைச் சொல்ல வாயெடுத்தேன், வைத்துவிட்டாய். திரும்ப எடுக்க எடுக்க அடித்துக்கொண்டே இருந்தது. படத்தில் நீங்கள் இருவரும் கடைச் சிவப்பு மெத்தையில் முழந்தாளிட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்து அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

பார்சலைப் பிரித்தேன். மெத்தைகளுக்கு அடியில் நான் வைத்த வெள்ளைப் பட்டுத்துணி அப்படியே இருக்கிறது. சிலுவையும் புத்தகமும் அதில்தான் இருக்கின்றன மகன், வெள்ளி நூலில், ஏழு கிழமை வேலை. பாதிரியார் உங்கள் மோதிரங்களை வைக்கிற இடத்தில் விரிக்கட்டும் என்று தைத்தேன். மேலே வைக்க என்று எழுதிக் குத்திய துண்டும் குண்டூசியும் கழலவில்லை. சிரிக்க நேரமிருந்தது, அடியைப் பார்க்க நேரமில்லாமல் போயிற்று.

கர்த்தர் உங்கள் இருவரையும் ஒற்றுமையாக வைத்திருக்கட்டும். குளிர் தொடங்கமுன் கழுத்துக்கு மப்ளர் வாங்கு, உனக்கு உடனே சளி பிடிக்கும். துணி என் அலுமாரியில் இருக்கிறது, தபாலில் அனுப்பமாட்டேன். வேண்டுமென்றால் வந்து எடு. உனக்குப் பெர்மெஸ்ஸோ தேவையில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
அகஸ்ரீனா