பேசக்கூடாத கூண்டு

மார்ச் 3
அறுபத்தொன்பது வயதில் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். காட்டுயிர் மீட்பு மையத்தில் மூன்று மாதம் தன்னார்வலராகக் கூண்டு கழுவியதற்கு இன்று பதவி உயர்வு: பொந்திலிருந்து கீழே விழுந்த ஒரு கூகைக் குஞ்சு. அதை வெளியே விடுமளவுக்கு வளர்த்துவிட்டால், ஆறு மாதப் பயிற்சியிடம் எனக்கு. மையத்தின் மருத்துவர், என் மகளைவிட இளையவர், ஒரே விதிதான் சொன்னார்: "முகத்த மூடிக்கோங்க, இரை குடுங்க, வந்துடுங்க. வாயத் திறக்கக்கூடாதும்மா. மனுஷக் குரல் பழகிட்டா, யாருக்குப் பயப்படணும்னே அதுக்குத் தெரியாது."

முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவளுக்கு இதைக்கூடவா விளக்க வேண்டும்? தலையாட்டி வைத்தேன்.

மார்ச் 8
பேசிவிட்டேன். எலித்துண்டை மூன்றாம் முறையும் துப்பியது. "ஒழுங்கா முழுங்கு, கழுத" என்றேன். விழுங்கிவிட்டது. அதுதான் வினை.

மார்ச் 11
தங்கை தொலைபேசியில்: "ஏங்க்கா, வீட்ல திட்ட ஆளில்லன்னு ஆந்தைகிட்ட போயிட்டியா?" வழக்கமான கேலிதான்; நான் அதோடு பேசுவது அவளுக்குத் தெரியாது. ஆனாலும் திக்கென்றது. இன்றும் திட்டினேன். நான்காவது நாள்.

மார்ச் 14
மற்ற குஞ்சுகள் ஆளைக் கண்டால் பின்வாங்கி அலகைச் சொடுக்குகின்றன. இது மட்டும் வாசலுக்கு ஓடி வருகிறது. மருத்துவர் இன்னும் கவனிக்கவில்லை. இப்படியே வெளியே விட்டால் யாரோ ஒருவர் தோளில் போய் உட்காரும். அவர் கல்லை எடுப்பார். சொன்னால் என் பயிற்சியிடம் போயிற்று. சொல்லாவிட்டால்? காலப்போக்கில் தானே சரியாகிவிடும் — தேர்வுத்தாளில் எவளாவது இப்படி எழுதியிருந்தால் சுழி போட்டிருப்பேன். ச்சே, வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்தேனா?

மார்ச் 15
சொல்லிவிட்டேன்.

"எத்தன நாளா?"

"ஏழு."

"கொஞ்சினீங்களா?"

"சேச்சே. திட்டினேன்."

மருத்துவரின் உதடு ஒரு கணம் கோணியது, சிரிக்கவில்லை. "அதுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா."

குஞ்சைச் சிறகொடிந்த மூத்த பெண்கூகை ஒன்றிடம் வளரவிட்டார்கள். அவை இருக்கும் தனிக் கட்டடத்துக்குள் எனக்கு அனுமதியில்லை. நாளை முதல் மறுபடியும் கழுவல்.

மார்ச் 29
பயிற்சியிடம் வேறொரு பெண்ணுக்கு. நியாயம். வாழ்த்தும் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஏப்ரல் 6
குஞ்சைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை. அந்தக் கட்டடத்திலிருந்து வரும் வாளிகளைக் கழுவும்போது, எவ்வளவு இரை மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கிறேன். மிஞ்சினால் அன்றைய தூக்கம் போயிற்று.

ஏப்ரல் 24
மருத்துவர் கூப்பிட்டனுப்பினார். நாளை மறுநாள் வெளியே விடுவதாக உத்தேசம். அதற்கு முன் ஒரு சோதனை. "முகத்த மூடாதீங்க. அது கேட்டுப் பழகினது உங்க குரலத்தான். எதிர்ல நின்னு, அன்னைக்கு மாதிரியே திட்டுங்க."

திட்டினேன். அசையவில்லை. போச்சு, என்று நினைத்தேன். திட்டிக்கொண்டே ஓரடி முன்வைத்தேன். சிறகை விரித்துச் சீறியது, அலகைச் சொடுக்கியது, கூண்டின் மறுகோடிக்குப் பறந்துபோய் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து பார்த்த பார்வையில் என்னைத் தெரிந்த சாயல்கூட இல்லை.

"தேறிடுச்சு," என்று குறித்துக்கொண்டார் மருத்துவர். "மழைக்கு அப்புறம் மறுபடி ஆள் எடுப்போம். எழுதிப் போடுங்கம்மா."

"விடும்போது நான் வரலாமா?"

"வேண்டாம்மா."

சரியான பதில். வெளியே வந்து, பாதியில் விட்டிருந்த ஆமைத் தொட்டியைக் கழுவி முடித்தேன்.