நோன்பு மாதத்துத் துண்டுகள்

கல்முனை
20.4.1959

அன்பு மகன் ஷரிபுதீனுக்கு வாப்பாவின் ஸலாம். அல்லாஹ்வின் அருளால் இங்கே எல்லோரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் உனக்கு நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க ஐந்து நேரமும் துஆ கேட்கிறோம். பெருநாள் முடிந்து பத்து நாளாகியும் எனக்கு நோன்பின் அசதி போகவில்லை, கடையில் உட்கார்ந்தால் எழும்ப மனம் வருவதில்லை. உன் தங்கை சுல்பிகாவுக்குக் கொடுக்கிற வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று, மாப்பிள்ளை வீட்டார் நிக்காஹ்வுக்கு நாள் கேட்கிறார்கள், அவளுடைய கூடப்பிறந்த காக்கா நீ வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் காகிதம் போன கிழமை கிடைத்தது. நெல்லின் தரம் பார்க்க மெஷினுக்குப் படிப்பிக்கும் வேலை சரிவரவில்லை, போன வருடம் நெல்லின் விவரத்தையும் எடுக்கலாமா கூடாதா என்ற முடிவையும் நான் எழுதி அனுப்பிய இருநூறு துண்டுச் சீட்டில் நாற்பத்து மூன்றில் மட்டும் எத்தனை முறை திருத்தினாலும் அது தடுமாறுகிறது, மெஷினில்தான் கோளாறு என்று புரபெசர் வேலையை நிறுத்தப் போகிறார், நிறுத்தினால் ஜூலைக் கப்பலில் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்ட நேரத்திலிருந்து உன் உம்மாவின் காலுக்கு ஓய்வில்லை, “அந்த இரும்புக்கு இனி வேற ஆள் படிப்பிக்கட்டும், என்ட புள்ளைக்கு நான் சோறு போடணும்” என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சுல்பிகா, “காக்கா மெஷினையும் கூட்டிட்டு வந்தா அதுக்கும் ஒரு பாய் விரிக்கணுமா உம்மா” என்று கேட்டு ஏச்சு வாங்கினாள்.

நீ எழுதிய அந்த நாற்பத்து மூன்று இலக்கத்தையும் என்னிடமுள்ள நகலோடு வைத்துப் பார்த்தேன். ஒன்று தப்பாமல் எல்லாம் போன வருட நோன்பு மாதத்தில் எழுதியவை. மகன், உனக்குத் தெரியும், சாக்குக்குள் கையை விட்டு நடுவிலிருந்து ஒரு மணி எடுத்துக் கடித்துப் பார்த்துத்தான் நான் நெல் வாங்குவேன், காய்ந்த மணி பல்லில் டக்கென்று உடையும், ஈர மணி நசியும். நோன்போடு எப்படி வாயில் வைப்பது. கொண்டு வந்த ஆளைப் பார்த்து முடிவு சொன்னேன், அதையே துண்டிலும் எழுதினேன். எத்தனை நாள் வெயிலில் காய்ந்தது என்று மேலே சரியாக எழுதி, கீழே ‘எடுக்கக்கூடாது’ என்று போட்டால் மெஷின் பாவம் என்ன செய்யும்.

அதிலே பதினெட்டுத் துண்டு சொறிக்கல்முனை யாகோப்பின் நெல். வெள்ளத்து வருடம் அவனுடைய நெல் ஒருதரம் ஈரமாக வந்தது, அதை மனதில் வைத்துத்தான் திருப்பி அனுப்பினேன். நேற்று அவன் வீட்டுக்கே போய் விசாரித்தேன். வேறு கடைக்காரர் வாங்கி எட்டு மாதம் அடுக்கி வைத்தாராம், ஒரு சாக்கும் பழுதாகவில்லையாம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “முதலாளி, அண்டைக்கு உங்களுக்கு நோன்பு, எனக்கு எங்கட வேதத்துத் தபசு நோன்புக் காலம், நெல்லு என்ன பாவம் செஞ்சது? நான் கடிச்சுக் காட்டுறன் எண்டு சொன்னன், நீங்க என்ட மூஞ்சியைத்தான் பாத்தீங்க” என்றான். பிறகு அவனே தேத்தண்ணி தந்தான், குடித்துவிட்டு வந்தேன்.

மூன்று நாளாக இந்தக் காகிதத்தை எழுதாமல் வைத்திருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ ஜூலையில் வந்துவிடுவாய், ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. எனக்கும் வயது போகிறது, கடையை ஒரு கை பிடித்தால் நல்லது என்றுதான் இருக்கிறது. ஆனால் என் பிழையை அந்த மெஷினின் தலையில் போட்டு உன்னைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. கோளாறு நெல் வியாபாரியிடம்தான் என்று புரபெசரிடம் சொல், வெட்கப்படாதே. அந்த நாற்பத்து மூன்றையும் எறிந்துவிடு. மழைக்காலத்து முன்மாரி நெல் வந்து முடிந்தது, அடுத்த அறுவடை ஆவணியில்தான், அப்போது புதிதாக எழுதி அனுப்புவேன். அதை வைத்து மெஷினுக்குத் திரும்பப் படிப்பிக்க உனக்கு அங்கே இன்னும் ஒரு வருடம் ஆகும். நிக்காஹ்வை நீ இல்லாமலே நடத்துவோம், சுல்பிகாவுக்கு ஒரு காகிதம் எழுது.

உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதை நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திவிடாதே. தொழுகையை விடாதே, வகுப்பில் உன்னிடம் படிக்கிறவர்களோடு கோபப்படாதே. அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பறக்கத் செய்வானாக. மறக்காதே, இனி என் துண்டில் ‘கடித்துப் பார்த்தது’ என்று எழுதியிருந்தால் மட்டும் மெஷினுக்குக் கொடு.

உன் வாப்பா
மீ. கச்சிமுகம்மது