எது பச்சை?

2025 பிப்ரவரி 3, திங்கள்
செண்பகம் ஊத்துக்கோட்டையில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். என் மாமியாருக்கு இடுப்பில் அடி. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் வயலைப் பார்த்தேன். நடவு நன்றாகவே பிடித்திருக்கிறது. மேலுரத்துக்கு வாங்கிய யூரியா மூட்டை அப்படியே இருக்கட்டும். பயிர் பச்சைப்பசேலென்று நிற்கும்போது என்ன அவசரம்? அப்பா போன பிறகு நானே வைத்த முதல் பயிர். பெருமையாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு
செண்பகம் வந்துவிட்டாள். வந்ததும் வயலுக்குப் போனவள் அங்கிருந்தே கத்தினாள். "இன்னாங்க இது! பயிரு மஞ்சளா வெளுத்துக் கெடக்குது, பாத்துக்கினு சும்மாவா இருந்தீங்க?"

மஞ்சளா? எங்கே? பக்கத்து முனுசாமி வயலையும் எங்கள் வயலையும் மாறி மாறிப் பார்த்தேன். அவருடையது கொஞ்சம் கருத்துத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"பச்சைதானே?" என்றேன்.

"கம்பெனி நெனப்புலயே இருந்தா வயலு எங்க கண்ணுக்குத் தெரியும்?"

விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள். பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறாளா? தினமும் பார்த்தேனே!

பிப்ரவரி 10, திங்கள்
பொன்னேரியில் வேளாண் அதிகாரி அம்மாவிடம் இலையைக் காட்டினேன். "இலையில இருக்கற பச்சையந்தான் வெயில புடிச்சு பயிருக்குச் சோறாக்குது. தழைச்சத்து இல்லாம அது கொறஞ்சு, இலை மஞ்சளாயிடுச்சு. இனி எவ்ளோ வெயில் அடிச்சாலும் அடுப்பு எரியாது. இன்னிக்கே யூரியா போடுங்க, லேட்டானா கதிர் சிறுத்துடும்."

அவரும் மஞ்சள் என்கிறார். எல்லாரும் சேர்ந்து விளையாடுகிறார்களா? எதற்கும் யூரியாவைப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்
கம்பெனியில் வயரிங் வேலைக்கு மாற்றுவதற்கு மருத்துவப் பரிசோதனை. புத்தகம் முழுக்கப் புள்ளிகள். "இதுல என்ன நம்பர்?" நம்பரா? டாக்டர் பக்கத்தைத் திருப்பினார். மறுபடியும் புள்ளிகள். எனக்கு முன்னால் போன லோகு கடகடவென்று படித்தானே!

"சிவப்பும் பச்சையும் உங்களுக்குச் சரியாப் பிரியல. பொறந்ததுலேர்ந்தே இருக்கும்." வயரிங் வேண்டாம், பேக்கிங்கிலேயே இருக்கட்டும் என்றார்.

அப்படியென்றால் இத்தனை வருஷம் நான் பச்சை என்று சொன்னதெல்லாம் என்ன? பழுத்த மிளகாயைப் பறிக்கச் சொன்னால் காயும் சேர்த்துக் கொண்டுவருவேன், செண்பகம் கிண்டல் செய்வாள். அதுவும் இதுதானா? பயிர் வைக்கிறவனுக்குப் பச்சை தெரியாதாம். யார்கிட்ட போய் சொல்றது? அவகிட்ட எப்படிச் சொல்றது?

பிப்ரவரி 13
சொல்லவில்லை.

பிப்ரவரி 15, சனி
சொல்லிவிட்டேன். நம்பவில்லை. மிளகாய்ச் செடியிலிருந்து ஒரு பழமும் ஒரு காயும் பறித்து உள்ளங்கையில் வைத்தாள். "எது பழம்?" அமுக்கிப் பார்க்கக் கையை நீட்டினேன். "தொடக் கூடாது."

தப்பாகச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. கையை மூடிக்கொண்டாள். "அன்னிக்கு அப்டி பேசிட்டேனே" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 19, புதன்
ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது செண்பகம் வரப்பிலிருந்து கூப்பிட்டாள். "பச்சை திரும்பிடுச்சுங்க!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். எனக்கு நேற்றைப் போலவேதான் இருந்தது. ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

அவள் என் கையைப் பிடித்து, ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டே வரப்பைச் சுற்றி நடந்தாள். கம்பெனி பஸ் போய்விட்டது.