ஊசிமுனை அளவு டீசல்

ஆம்பூர்,
ஞாயிறு மதியம்

அன்பு மகன் ஆலனுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், உன்னிடம் சொல்லக் கூடாது என்று உத்தரவு வேறு. வீடியோவில் அவருடைய வலது கையை நீ பார்த்துப் பல நாளாகிறது, கவனித்தாயா?

ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் நம் புது வேன் போன மாதம் பள்ளிகொண்டா தாண்டித் திணறி நின்றது. டீசல் லைனில் காற்று புகுந்துவிட்டது என்று அப்பாவே முடிவு கட்டினார். பழைய வேனில் செய்வதுபோல் நட்டைத் தளர்த்தி, வண்டியிலிருந்த சூப்பர்வைசர் கன்னியப்பனை செல்ஃப் அடிக்கச் சொல்லி, எங்கே கசிகிறது என்று பைப்பின் மேல் விரலை ஓட்டியிருக்கிறார். விரலில் ஒரு சின்னப் புள்ளி, ரத்தம்கூட இல்லை. எறும்பு கடித்த மாதிரிதான் இருந்ததாம். ஆனால் வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக் நிசார் அஹமது அந்தப் புள்ளியைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார். "வண்டி கெடக்கட்டும் ஜேக்கப்ண்ணே, மொதல்ல வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க" என்று அவரே ஏற்றிப்போனார்.

பிறகு நிசாரிடம் விவரம் கேட்டேன். டேங்கிலிருந்து வரும் டீசலை ஒரு பம்பு அழுத்தி, தடித்த இரும்புக் குழாய்க்குள் அடைத்து வைக்கிறதாம், பழைய வேனில் இப்படி அடைத்து வைப்பதில்லையாம். அழுத்தம் டயர் காற்றைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு. சிலிண்டருக்குள் இறுகிச் சூடேறிய காற்றின் மேல், கம்ப்யூட்டர் சொல்லும் நொடியில் இன்ஜெக்டர் திறந்து டீசலைப் புகைபோல் தூவுகிறது. தீப்பொறியே இல்லாமல் பற்றிக்கொள்கிறது. அந்த அழுத்தத்துக்குத் தோல் எம்மாத்திரம். விரலுக்குள் புகுந்த டீசல் உள்ளங்கை வரை ஓடியிருந்தது. ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துக் கையைக் கீறிக் கழுவினார்கள். கை தப்பியது, ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. தைரியமாக இருந்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பயந்துபோனேன்.

மயக்கம் தெளிந்ததும் அப்பா தன் விரலைப் பற்றிக் கேட்கவில்லை. "ஆலனுக்கும் நான்தானே அப்டி செய்யச் சொல்லிக் குடுத்தேன்" என்றார். நீயும் அங்கே ஜெனரேட்டர்களோடுதான் கிடக்கிறாய். நட்டைத் தொடுமுன் இன்ஜினை நிறுத்து, அழுத்தம் இறங்கட்டும். கசிவு பார்க்கத் தள்ளி நின்று அட்டையை நீட்டிப் பார், விரலை வைக்காதே. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். வெயிலில் தண்ணீர் நிறையக் குடி. கர்த்தர் உன் கைகளைக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயபுஷ்பம்

பி.கு. உறையை ஒட்டப்போன நேரத்தில் அப்பா ஷூ டப்பா மூடியிலிருந்து ஒரு துண்டு வெட்டி மேசையில் வைத்துவிட்டுப் போனார். இடது கையால் வெட்டியது, ஓரம் கோணலாக இருக்கும். இதோடு வைத்திருக்கிறேன்.