ஜப்பான் மிசின் கண்ட ஆள்

என் செல்ல மனிசிக்கு,

கண் ஒப்பரேசனுக்கு நான் மறுத்ததால் கோபித்துக்கொண்டு மிசிசாகாவுக்கு, மகள் வீட்டுக்குப் போனீர். இங்கே ரூஜ் பக்கத்து வேலைத்தளத்தில் எனக்கு மண் கிண்டும் புது ஜப்பான் மிசின் தந்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் என் கைவேகத்தைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தானாம்!

நேற்றுப் பின்னுக்கு எடுக்கையில் அது தானாக நின்றுவிட்டது. "பழுதான சாமான்!" என்று கத்திக்கொண்டு இறங்கினேன். பின்னால் குழாய் பூட்டும் தம்பிமுத்தர் குனிந்து சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னைக் காணேல்லையோடாப்பா?"

"கண்டனான் அண்ணை, சும்மா பகிடிக்கு."

நான் காணவில்லை. மிசினில் பூட்டிய கமராதான் கண்டது. மிசின் திறப்பைக் கழற்றிப் போர்மனிடம் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒப்பரேசன். கூட்டிப்போக ஓராள் வேண்டுமாம். நூறு பேர் வரத் தயார். நான் உம்முடைய பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நீர் கூப்பிடும் உம்முடைய "இஞ்சாருங்கோ"